ஆடிட்டுக்காகத் தூக்கிய பெஞ்சு

போன வாரம் எங்கள் சாம்பிள் அறையில் புதிதாக ஒருத்தி வந்து நின்றாள். சம்பளம் கேட்கமாட்டாள், டீ பிரேக் கேட்கமாட்டாள். கைகளை உடம்பிலிருந்து சற்றே விலக்கி வைத்துக்கொண்டு, கணினித் திரைக்குள் நின்றது நின்றபடியே இருக்கிறாள். இனி ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்குச் சட்டை தைத்து, கூரியரில் அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இவளுக்கு மாட்டி, நடக்கவிட்டு, படமாக அனுப்பினால் போதும் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தம்பி மவுஸைப் பிடித்து அவளை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "மேடம், இதுக்குப் பேரு அவதார். பயப்படாதீங்க, பழகிட்டா ஈஸிதான்."

எனக்குப் பயமில்லை, அலுப்பாகத்தான் இருந்தது. இவளைப் போன்றவர்களுக்குச் சட்டை மாட்டுகிற வேலையை நான் எப்போதோ பார்த்து முடித்துவிட்டேன். அவர்களுடைய தலைமுடி கழன்று முழங்காலில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக மனுகூட எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் அந்தத் தம்பியிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? "சரிங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். பக்கத்து மேசையில் அயர்ன் செய்கிறவர் ஈரத் துணியின் மேல் பெட்டியை வைத்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. வெந்த பருத்தியின் அந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கம்பெனி ஞாபகம் வரும். எனக்கு என் பழைய லேப்டாப் ஞாபகம் வரும்.

அது அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை நான் தேவைக்கு மேலேயே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன், நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அம்மா தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்து, தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் ஆரம்பித்து, அப்போது செக்கிங்கில் இருந்தாள். தைத்து வந்த பனியனைப் புரட்டிப் பார்த்துப் பிசிறு வெட்டுகிற வேலை. லேப்டாப்பை அவள் டிவிக்குப் பக்கத்தில் வைத்து மஞ்சள் துணி போர்த்தியிருந்தாள். வருகிறவர்களிடம் துணியை விலக்கிக் காட்டுவாள். கொஞ்ச நேரம் ஓடினால் போதும், அதற்குச் சூடு தாங்காது. எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப், தாம்பாளத்துக்கு அடியில் நனைத்துப் பிழிந்த பனியன் வேஸ்ட். அந்தத் துணி மெதுவாக வேகிற வாசனையோடுதான் நான் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த உலகத்துக்குள் போவேன்.

இணையத்துக்குள் இருந்த உலகம் அது. விளையாட்டு என்று சொன்னால் அங்கிருந்தவர்களுக்குக் கோபம் வரும். ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே கிடையாது. ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், வீடு கட்டலாம், கடை போடலாம், தட்டச்சு செய்து பேசிக்கொள்ளலாம். உலகம் பூராவுமிருந்து ஆட்கள் இருந்தார்கள். அதன் ஒரு மூலையில், கடலோரமாக, தமிழ் பேசுகிறவர்களுக்கென்று ஒரு தெரு. அதை நடத்தியவர்கள் எங்களைப் போன்ற கூட்டங்களுக்குச் சும்மா விட்டு வைத்திருந்த இடம். அதற்குள் எனக்கொரு கடை. நிஜத்தில் நாங்கள் ஏழு குடித்தனம் உள்ள ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறையில் இருந்தோம். அங்கேயோ எனக்கு வாசல், ஜன்னல், மேலே பெயர்ப்பலகை. என் பெயர் அங்கே நூல்கண்டு.

முதல்முறை அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது திரையில் என் உருவம் சரியாக வந்து சேராமல் சாம்பல் நிறப் பொம்மையாக நின்றுகொண்டிருந்தது.

"யாருட்டி இவ, காயப்போட்ட சட்டை கணக்கா கைய விரிச்சுக்கிட்டு நிக்கா?"

"நாந்தாம்மா."

"நீயா? தின்னது ஒண்ணும் ஒட்டலியே" என்று சொல்லிவிட்டு அம்மா துணி துவைக்கப் போய்விட்டாள்.

என் கடையில் பனியன், டீ-ஷர்ட் விற்றேன். நானே வரைந்து அந்த உருவங்களுக்குப் பொருத்தியவை. பையரிடம் ஆர்டர் வாங்கித் தைத்து அனுப்புவது வரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கற்றுக்கொண்டதையெல்லாம் எங்கேயாவது காட்டியாக வேண்டிய வயது. கழுத்துக்குள்ளே, துவைக்கும் விதம் சொல்லும் வாஷ்கேர் லேபிள் வைத்தேன், யாரும் பார்க்க முடியாத இடத்தில். துணி ஓரம் பிரியாமலிருக்க உள்பக்கம் போடும் ஓவர்லாக் தையலைக்கூட ஒவ்வொரு நூலாக வரைந்தேன். பனியன் துணி துவைத்தால் சுருங்கும், அதனால் வெட்டும்போதே கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள் அல்லவா? நானும் விட்டேன். துவைக்கவே முடியாத உலகத்தில் என் பனியன் போட்டவர்கள் எல்லோரும் அண்ணனுடைய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் போலத் திரிந்தார்கள்.

"ஏனுங்க நூல்கண்டு, இதை எங்க கொண்டு போயித் தொவைக்கறதுங்க?" என்று கேட்டவர் காலர் அண்ணன். தெருவின் அடுத்த கடைக்காரர். நிஜத்தில் அவர் எங்கள் ஊர் காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவில் அவர் விற்றது மீன் தொட்டிகள். "பொழுதன்னைக்கும் பனியனே பார்த்துட்டு இங்கயும் வந்து பனியனாங்க?" என்பார். தமிழ்த் தெரு என்று பெயரே தவிர, ஒருவர் சொல்லி ஒருவராக வந்து சேர்ந்ததில் தினமும் வருகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஊர் ஆட்கள்தான், கம்பெனிக்காரர்கள்தான். இது பின்னால் எங்களுக்கே வினையாக முடிந்தது.

நான்தான் தெருவில் செய்தி எழுதுகிறவள். வாராவாரம் பலகையில் ஒட்டுவேன். 'காலர் அண்ணன் கடைப் படிக்கட்டைப் புதன்கிழமையிலிருந்து காணவில்லை. மீன் பார்க்க வருகிறவர்கள் பறந்து வரவும்.' 'கடல் மறுபடி தெருவுக்குள் வந்துவிட்டது. யாருக்கும் நனையவில்லை என்றாலும் பார்க்க நன்றாக இல்லை.' 'உள்ளே நுழையும்போது தலைமுடி முழங்காலில் முளைக்கும் தொல்லை நீடிக்கிறது.' எழுதிய பிறகு அதையே ஆங்கிலத்தில் மாற்றி அந்த உலகத்தை நடத்தியவர்களுக்குப் புகாராக அனுப்புவேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வரும். எல்லாப் புகாருக்கும் அதே பதில். காம்பவுண்டில் தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதுகிறவளும் நான்தான். "படிச்ச புள்ள, நீ எழுதுனா கேப்பாங்க" என்பார்கள். கேட்டதில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான். படித்தவளாக இருப்பதில் இப்படியொரு அலுப்பு உண்டு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இனி மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் ஒரு டீக்கடை உண்டு. டீ கிடையாது, பாய்லரும் பெஞ்சும்தான். அந்தப் பெஞ்சில் எப்போது பார்த்தாலும் பச்சைச் சேலையில் ஓர் உருவம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் மயில். ஆள் லேப்டாப்பை விட்டு எழுந்துபோனால் உருவம் அப்படித் தலையைத் தொங்கப் போட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் நிமிரும். "வாங்க, சாப்ட்டீங்களா? கொழம்பு எறக்கி வெச்சுட்டு வந்தனுங்க" என்று எழுத்து ஓடும். பத்து வரி பேசுவதற்குள் மறுபடி தலை தொங்கிவிடும். யாரோ கூப்பிட்டிருப்பார்கள்.

ஆடை வடிவமைப்பு படித்தவர். தோட்டமும் பனியன் கம்பெனியும் உள்ள குடும்பத்துக்குக் கல்யாணமாகிப் போயிருந்தார். அவர்களுடைய சொந்தக் கம்பெனிக்குக்கூட அவரை அனுப்பவில்லை. "ஊட்டுலயே இருந்து கணக்கு மட்டும் போட்டுக் குடுக்கறனுங்க" என்றார். அதற்காகத்தான் லேப்டாப். மாமியார் படுத்திருக்கும் நேரமும், ஆண்கள் தோட்டத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை மதியமும்தான் அவருடையவை. "வெளிய எங்கயும் போறதில்லீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "இப்ப வெளியதானுங்க இருக்கேன்" என்று பதில் வந்தது. என் பனியனின் உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். "ஓவர்லாக்ல ஒரு லூப்பு விட்டுப்போச்சுங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. பிறகு போய்ப் பார்த்தேன், விட்டுத்தான் போயிருந்தது. அன்றிலிருந்து ஞாயிறு மதியம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். காலர் டிசைன், மாமியார், மெர்ச்சண்டைசிங், முட்டைக்கோஸ் விலை என்று பேச்சு போகும். அவர் என்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வேலையைப் பற்றித்தான் கேட்பார். காலையில் எந்த வண்டியில் போவீர்கள், யாரெல்லாம் வருவார்கள், பையர் வந்தால் எங்கே உட்காருவார் என்று.

அப்படியிருக்கும்போதுதான் அறிவிப்பு வந்தது. சும்மா விட்டு வைத்திருக்கும் தெருக்களையெல்லாம் ஒரு வாரம் ஆய்வு செய்வார்கள். ஆள் நடமாட்டம் உள்ளது நிற்கும், மற்றது மூடப்படும். நான் மொழிபெயர்த்துப் பலகையில் ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது.

"ஆடிட்டுங்க" என்றார் காலர் அண்ணன். "வேற ஒண்ணுமில்ல, ஆடிட்டு வருது."

வேறெதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆடிட்டுக்குத் தயாராவது எப்படி என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரர் கம்பெனியைப் பார்க்க வருகிறார் என்றால் அதற்கு முந்தின வாரம் நடைபாதையில் மஞ்சள் கோடு விழும். வழியில் கிடக்கும் மூட்டை, ஸ்டூல், சாப்பாட்டுப் பை எல்லாம் மறையும். முதலுதவிப் பெட்டிக்குள் நிஜமாகவே மருந்து இருக்கும். கழிவறையில் சோப்பு இருக்கும். கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று லைனில் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அம்மா அந்தப் பதில்களைத் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள்.

அப்படியே செய்தோம். ஒரே மதியத்தில் தெரு மாறிப்போனது. காலர் அண்ணன் நடுவில் மஞ்சள் கோடு போட்டார். ஒருவர் வெளியேறும் வழி என்று அம்புக்குறி வரைந்தார், பறந்து போகக்கூடிய ஊரில். மீன் தொட்டிகள் உள்ளே போயின. பழைய சினிமா போஸ்டர்கள், சைக்கிள், துணி காயும் கொடி, புறாக்கூடு எல்லாம் போயின. டீக்கடைப் பெஞ்சு சரியாக மஞ்சள் கோட்டின் மேல் இருந்தது. பாதையை அடைக்கிறது என்று அதையும் தூக்கினோம். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நான் என் பங்குக்குத் தீயணைப்புக் கருவி ஒன்று செய்து மாட்டினேன், அழகாகவே இருந்தது. பார்க்க வருகிறவர் அசந்துபோவார் என்று எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

மயில் அன்றைக்குத் தாமதமாக வந்தார். கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார்.

"ஏனுங்க, பெஞ்சு எங்கீங்க?"

"ஆடிட்டு முடியட்டுமுங்க, போட்டுக்கலாம்" என்றார் காலர் அண்ணன்.

"எங்க மாமனார் கம்பெனியிலயும் மொதல்ல பெஞ்சைத்தானுங்க தூக்குவாங்க" என்று எழுதி ஒரு சிரிப்பும் போட்டார். நின்றுகொண்டே இரண்டு வரி பேசினார். பிறகு யாரோ கூப்பிட்டார்கள் போல, தலை தொங்கியது. கொஞ்ச நேரத்தில் உருவம் மறைந்துவிட்டது.

அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் அசையாமல் நின்றுகொண்டிருந்தால், போய்விட்டார் என்று நினைத்து அது வெளியே தள்ளிவிடும். உட்கார்ந்திருந்தால் தள்ளாது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த வாரம் அது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவர்கள், கடையைப் பார்க்கப் போனவர்கள், தூங்கிப்போனவர்கள், இவர்கள்தான் அத்தனை நாளும் எங்கள் தெருவின் ஆள் நடமாட்டம். பெஞ்சு போனதும் வந்தவர்கள் சுற்றிப் பார்த்து, "கம்பெனி மாதிரி சுத்தமா இருக்குதுங்க" என்று பாராட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மீன் பார்க்க வருகிறவர்களும் மீனைக் காணாமல் திரும்பினார்கள். யாராவது எப்போதும் தெருவில் இருக்க வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் நின்றோம். என் முறைக்கு நான் வேலையிலிருந்தால் அம்மாவை உட்கார வைப்பேன். ஒரு விரலால் பட்டனை அழுத்தி அவள் என் உருவத்தைத் தெருக்கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடத்துவாள். "நடக்குறதுக்கு ஒரு கூலியா, பேச்சா? ஒருத்தன் வரலியேட்டி உன் ஆடிட்டரு" என்று கேட்டாள்.

ஒருவரும் வரவில்லை. வருவதாக அவர்கள் சொல்லவும் இல்லை. ஏதோ ஒரு கணினி, எந்தத் தெருவில் யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் ஆய்வு. மஞ்சள் கோட்டை யாரும் பார்க்கவில்லை. என் தீயணைப்புக் கருவியையும் பார்க்கவில்லை.

மூடப்படும் இடங்களில் எங்கள் தெருவும் இருந்தது. மனு எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. இங்கே வருகிற சிலருக்கு வேறு தெரு இல்லை என்று எழுதினேன். மயிலின் பெயரைச் சொல்லாமல் மயிலைப் பற்றித்தான் முழுவதும் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை காலர் அண்ணன் பெஞ்சைப் பழைய இடத்திலேயே போட்டு வைத்திருந்தார். எங்களுக்கு இடம் விட்டு அவர் தொட்டிகளைக் கலைக்கப் போய்விட்டார். மயில் சீக்கிரமே வந்தார்.

"இனி எங்கீங்க பாக்கறது?"

"உங்க நம்பர் குடுங்க" என்றேன்.

"வேண்டாமுங்க. எம்போனு ஊட்டுல எல்லாரு கையிலயும் சுத்தும். புது நம்பர்னா யாருன்னு கேப்பாங்க."

"ஃபிரண்டுன்னு சொல்லுங்க."

"எந்த ஊரு, யாரூட்டுப் புள்ளைன்னு கேப்பாங்க."

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் அங்கே செல்லும், என்ன சொன்னால் செல்லாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. நான் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வதற்கு நான் எந்த இடத்திலும் கூச்சப்பட்டதில்லை. பிறகுதான் அவரைப் பார்த்தேன். தலையை நிமிர்த்தியபடி காத்துக்கொண்டிருந்தது அந்தப் பச்சைச் சேலை.

என் நிஜப் பெயரையும் நம்பரையும் அனுப்பினேன். எழுதி வைக்க முடியாது, மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்றார். திருப்பி எழுதிக் காட்டினார். இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. திருத்தினேன். மறுபடி எழுதினார், சரியாக இருந்தது. "மாமா வண்டிச் சத்தம் கேக்குதுங்க" என்றார். தலை தொங்கியது. அது நிமிரும் என்று தெரு மூடும் நேரம் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு திரை கறுப்பானது.

அந்த இடத்தின் முகவரியைப் போட்டால் இப்போது கடல் வருகிறது. புகார் எழுத ஆளில்லை. காலர் அண்ணன் காதர்பேட்டைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனதாகச் சொன்னார்கள். லேப்டாப் ஒருநாள் எழவேயில்லை. அம்மா அதைப் பழைய இரும்புக்குப் போடமாட்டேன் என்கிறாள்.

நான் நம்பரை மாற்றவில்லை. தெரியாத எண் வந்தால், பையரோடு பேசிக்கொண்டிருந்தாலும், எடுத்துவிடுவேன். கடன் வேண்டுமா என்று கேட்பார்கள், இல்லையென்றால் பட்டன் சப்ளைக்காரர். ஒருநாள் மதியம், ஷிப்மென்ட் நெருக்கடியில் நான் ஒரே நேரத்தில் இரண்டு பேரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் குரல் கேட்டது. சின்னக் குரல், தாழ்வாக. நான் அதற்கு முன் கேட்டறியாத குரல்.

"நான் மாலதி பேசறனுங்க."

"எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் போனை எடுத்தால் எல்லோரும் அதைத்தான் கேட்போம்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. "தப்பாப் போட்டுட்டனுங்க" என்று வைத்துவிட்டார்.

நடைபாதையில் நாலடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மயிலின் நிஜப் பெயரை நான் கேட்டதே இல்லை. உடனே திரும்ப அடித்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது. "யாருங்க பேசறது?"

மாலதி இருக்காங்களா என்று கேட்டிருக்கலாம். யார், எந்த ஊர் என்று அடுத்து வருகிற கேள்வி மாலதியிடம்தான் போகும். "தப்பாப் போட்டுட்டனுங்க" என்று நானும் வைத்துவிட்டேன். அந்த எண்ணிலிருந்து பிறகு அழைப்பு வரவில்லை.